லாரி கேபின் பின்பக்கத் தள்ளு கண்ணாடி கடகடக்கிறதா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேபினுக்குப் பின்னால் இருக்கும் தள்ளு கண்ணாடி டிரைவரின் காதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. அது ஆடத் தொடங்கினால் மேலூரிலிருந்து திருமங்கலம் போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும். பலரும் உடனே செய்வது ஒன்றுதான்: அட்டையை மடித்துச் சந்தில் செருகுவது, இல்லையென்றால் பழைய டியூபை வெட்டித் திணிப்பது. இரண்டு நாள் சத்தம் நிற்கும். பிறகு அட்டை நைந்து விழும், டியூப் துண்டு கண்ணாடியை ஒரே இடத்தில் நெருக்கும். கடினமாக்கிய கண்ணாடிக்கு ஓரத்தில் விழும் அழுத்தம்தான் எமன். நடுவில் ஓங்கித் தட்டினாலும் தாங்கும் கண்ணாடி, ஓரத்தில் சின்ன இரும்பு முனை பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கண்ணாடியை இறுக்கிச் சத்தத்தை நிறுத்த முடியாது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் மெத்தென்ற பிடி ஒரே அளவில் இருக்க வேண்டும், அதே சமயம் இரண்டு விரலால் தள்ளினால் நகரவும் வேண்டும். இந்தப் பிடி எந்த இடத்தில் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் சரியான தடிமனில் திரும்பக் கொடுப்பதுதான் வேலை. கண்டுபிடிப்பதற்கு அரை மணி நேரம் செலவழித்தால், சரிசெய்வதற்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

சத்தம் கண்ணாடியில்தானா?

முதலில் கேபினுக்குப் பின்னால் ஆடக்கூடிய மற்றப் பொருட்களை அடக்குங்கள். ஜாக்கி ராடு, தண்ணீர் கேன், தார்ப்பாய்க் கயிறு மாட்டும் கொக்கி, டூல்ஸ் பெட்டி மூடி, லோடு பாடியின் முன்பலகையில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள் அல்லது துணி சுற்றிக் கட்டுங்கள். கண்ணாடிக்கு வெளியே கம்பி கிரில் வைத்திருந்தால் அது பிரேமைத் தொடுகிறதா என்று பாருங்கள். கிரிலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். கண்ணாடிமேல் பழி போட்டு ரப்பரெல்லாம் மாற்றிய பிறகு, கிரிலில் லூசான ஒரு போல்ட்தான் காரணம் என்று தெரியவருவது அடிக்கடி நடப்பது.

அடுத்து வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்ஜினை ஐடிலில் ஓட விட்டு, உள்ளங்கையால் கண்ணாடியை ஒவ்வொரு இடமாக லேசாக அழுத்துங்கள்: இரண்டு கண்ணாடியும் சேரும் நடு இடம், லாக் இருக்கும் இடம், கீழ் மூலைகள், மேல் மூலைகள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் பிடி போயிருக்கிறது. ஐடிலில் சத்தம் வராமல் பள்ளம் மேட்டில் மட்டும் வந்தால், வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அழுத்திப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே பின்னால் கை நீட்டுவது கூடாது. ரிங் ரோடு போன்ற நல்ல சாலை இதற்கு உதவாது. ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலையில் 15 முதல் 20 கி.மீ. வேகம் போதும், ஒளிந்திருக்கும் ஆட்டமெல்லாம் வெளியே வந்துவிடும்.

கண்ணாடி முழுசாக மூடியிருக்கும்போது மட்டும் சத்தமா, பாதி திறந்திருக்கும்போது மட்டுமா என்பதையும் கவனியுங்கள். மூடியிருக்கும்போது மட்டும் என்றால் லாக்கையும் நடு இணைப்பையும் சந்தேகப்படுங்கள். பாதி திறந்தால் மட்டும் கடகடக்கிறது என்றால், மூடியிருக்கையில் லாக் அதை இழுத்துப் பிடித்து மறைத்துக்கொண்டிருக்கிறது. தேய்ந்திருப்பது சேனலுக்குள், அதாவது கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குள் இருக்கும் வெல்வெட் பட்டை. இரண்டு நிலையிலும் சத்தம் என்றாலும் சேனல்தான்.

இனி அளவு. விசிட்டிங் கார்டு ஒன்று ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமன் இருக்கும். கண்ணாடிக்கும் வெல்வெட்டுக்கும் நடுவில் ஒரு கார்டைச் செருகுங்கள். பிடிப்போடு போனால் அங்கே குறை இல்லை. தானாக விழுந்தால் இரண்டு, மூன்று என்று சேர்த்துச் செருகுங்கள். நான்கு கார்டு வைத்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் இடைவெளி 1.2 மி.மீ. மேலே மூன்று இடம், கீழே மூன்று இடம், இரு பக்கமும் ஓர் இடம் என்று பார்த்து, அந்த எண்ணைப் பிரேமிலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள். கடைசியாக, இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்து மேலே தூக்குங்கள். 2, 3 மி.மீ. எழும்பி டக்கென்று விழுந்தால் கீழ்ச் சேனலின் அடி தேய்ந்துவிட்டது.

தேய்வதற்குக் காரணம்

தள்ளு கண்ணாடி ஓடும் சேனலுக்குள் 'யு' வடிவத்தில் ஒரு பட்டை இருக்கும். வெளியே ரப்பர் அல்லது தகரம், உள்ளே கண்ணாடியைத் தொடும் பக்கம் வெல்வெட் போன்ற மயிர். கடைகளில் வெல்வெட் சேனல், ஃபெல்ட் சேனல் என்று கேட்டால் கொடுப்பார்கள். புதிதாக இருக்கும்போது மயிர் நிமிர்ந்து நின்று இரு பக்கமும் கண்ணாடியைத் தாங்கும். நம் பக்கத்தில் குவாரித் தூசியும் எம்-சாண்ட் தூளும் அதற்குள் புகுந்துவிடுகின்றன. இந்தத் தூள் ஆற்று மணலைப் போல உருண்டையாக இருக்காது, விளிம்பு கூராக இருக்கும். கண்ணாடி ஒவ்வொரு முறை நகரும்போதும் அது மயிரை அறுக்கிறது, கண்ணாடியிலும் கோடு போடுகிறது.

இரண்டாவது காரணம் தண்ணீர். கீழ்ச் சேனலில் மழைநீர் வெளியேற 5, 6 மி.மீ. அளவில் துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் சேனல் தொட்டியாகிவிடும். வெல்வெட் ஊறி அழுகும், இரும்புச் சேனல் துருப்பிடித்து உப்பும். மூன்றாவது வெயில். சித்திரையிலும் வைகாசியிலும் நாள் முழுக்கக் காயும் ரப்பர் நாளடைவில் சுருங்கிக் கட்டியாகிறது. மூலைகளில் இரண்டு ரப்பர் முனைகள் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் அது சுருங்கிய ரப்பர்.

கண்ணாடியின் எடையையும் மனத்தில் வையுங்கள். கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 62 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகை 3 கிலோவுக்குச் சற்று மேல் வரும். வேகத்தடையில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்த எடை கீழ்ச் சேனலில் இடிக்கிறது. முதலில் சாகிற இடம் எப்போதும் கீழ்ச் சேனல்தான்.

முதலில் சுத்தம், பிறகு லாக்

பொருள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் சேனலைச் சுத்தம் செய்யுங்கள். ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் காய்ந்த தூசியைத் தட்டிவிட்டு வேக்குவத்தால் இழுங்கள். எடுத்த எடுப்பில் சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை அடிக்காதீர்கள், மண் மயிருக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மூடி ஷாம்பு கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் நீளவாக்கில் தேயுங்கள். வடிகால் துளைகளைச் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்திவிடுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கமாக ஒழுகி இறங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் மயிரை நிமிர்த்திவிட்டு மறுபடி கார்டு வைத்துப் பாருங்கள். மயிர் அறுபடாமல் படிந்து மட்டும் போயிருந்தால் இதிலேயே பாதிச் சத்தம் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் சேனலில் விடக் கூடாது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து உப்புக் காகிதம் மாதிரி வேலை செய்யும். பெட்ரோலிய எண்ணெய்கள் இந்த வகை ரப்பரை உப்பவும் வைக்கும். நகர்வு கனமாக இருந்தால் சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, கண்ணாடியின் ஓரத்தில் மெல்லத் தடவினால் போதும்.

அடுத்தது லாக். மூடியிருக்கும்போது மட்டும் சத்தம் வருகிற வண்டிகளில் பாதி வேலை இங்கேயே முடியும். லாக் நாக்கு போய் உட்காரும் கொக்கித் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், துளைகள் நீளமாக இருக்கலாம். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, தகட்டைக் கண்ணாடியை இறுக்கும் பக்கமாக 0.5 மி.மீ. நகர்த்தி முறுக்குங்கள். மூடிப் பாருங்கள், வேண்டுமானால் இன்னொரு 0.5. துளை நீளமாக இல்லையென்றால் தகட்டுக்கு அடியில் 1 மி.மீ. ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வைக்கலாம். லாக் நாக்கே தேய்ந்து மழுங்கியிருந்தால் புது லாக் போடுவதுதான் முறை, வளைத்துச் சரிசெய்வது ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

சில லாக்குகளும் கைப்பிடிகளும் கண்ணாடியில் போட்ட துளை வழியாக போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அங்கே போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நைலான் புஷ்ஷும், இரு பக்கமும் நைலான் அல்லது ரப்பர் வாஷரும் கட்டாயம் இருக்க வேண்டும். புஷ் உடைந்து விழுந்திருந்தால் இரும்பு நேராகக் கண்ணாடியில் மோதும். சத்தம் அங்கிருந்துதான் வரும், விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும். கை இறுக்கத்துக்கு மேல் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள்.

நடு இணைப்பு

இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு ரப்பர் அல்லது மயிர்ப்பட்டை இருக்கும். இது போயிருந்தால் கண்ணாடியும் கண்ணாடியும் மோதும். காதில் கூர்மையாகக் குத்துகிற சத்தம் அதுதான். வீட்டு அலுமினிய ஜன்னல் செய்யும் கடைகளில் ஊல் பைல் என்று ரோலாக விற்கும் மயிர்ப்பட்டை இதற்கு அருமையாக உதவும். அடியில் பசை உள்ள வகையாகக் கேளுங்கள். பட்டையின் மொத்த உயரம், நீங்கள் அளந்த இடைவெளியைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இடைவெளி 4 மி.மீ. என்றால் 5 மி.மீ. உயரப் பட்டை. 7 மி.மீ. வாங்கி ஒட்டினால் கண்ணாடி நகராது, நான்கு நாளில் பட்டை பிய்ந்து வரும்.

ஒட்டும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, விரலால் முழு நீளத்துக்கும் அழுத்துங்கள். தின்னர் கேபின் பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. காலையில் அல்லது நிழலில் செய்யுங்கள், அன்று முழுக்கக் கண்ணாடியைத் தள்ளாமல் விடுங்கள்.

வெல்வெட் சேனல் மாற்றுதல்

கார்டு கணக்கில் பல இடங்களில் 1 மி.மீ.க்கு மேல் வந்திருந்தால், அல்லது கண்ணாடி தூக்கினால் விழுகிறது என்றால், சேனல் பட்டையை மாற்றாமல் தப்ப முடியாது. பழைய பட்டையில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கண்ணாடித் தடிமன் (பாடி கட்டிய கேபின்களில் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ.), சேனலின் உள் அகலம், ஆழம் இந்த மூன்றும் எழுதிக்கொள்ளுங்கள். 'லாரிக்கு' என்று மட்டும் சொல்லிக் கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள்.

நீளக் கணக்கு இப்படி: ஜன்னல் 120 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், மேலும் கீழும் இரட்டைத் தடம் என்றால், 120 செ.மீ. நான்கு முறை 4.8 மீட்டர், பக்கங்களுக்கு 40 செ.மீ. இரண்டு முறை 0.8 மீட்டர், மொத்தம் 5.6. வெட்டில் போவதற்கும் சேர்த்து 6 மீட்டர், அதாவது 20 அடி வாங்குங்கள்.

கண்ணாடியைக் கழற்றும் முறை பிரேமைப் பொறுத்தது. மேல்ச் சேனல் ஆழமாக இருந்தால், கண்ணாடியை மேலே தூக்கி, கீழ் ஓரத்தை உள்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கழற்றியதை வெறும் சிமெண்ட் தரையில் ஓரம் படும்படி நிறுத்தாதீர்கள், சாக்கு மடித்து அதன்மேல் வையுங்கள். தூக்கியும் வரவில்லை என்றால் பக்கச் சேனலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தேடுங்கள். பிரேம் முழுவதும் சுற்று ரப்பரில் கேபினோடு பொருந்தியிருந்தால் பிரேமையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அதைக் கீழே சொல்கிறோம். பிரேம் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். அதை அறுக்கத் தனிக் கம்பி உண்டு, கண்ணாடிக் கடைக்காரரிடம் விடுங்கள்.

பழைய பட்டையை ஒரு மூலையில் தொடங்கி மூக்கு பிளேயரால் இழுத்தெடுத்து, ஒட்டிய பசையைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். இரும்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் கொடுத்து ஒரு நாள் காயவிடுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிப்பவர்கள் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை மறுபடி செய்வார்கள், துருவின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

புதுப் பட்டையை மீட்டருக்கு 3 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள். இரண்டு முனையையும் முதலில் மூலைகளில் பதித்து, பிறகு நடுவை அழுத்தி உட்காரவையுங்கள். இழுத்து நீட்டி ஒட்டினால் ஒரே வெயிலில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். பசைக்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன் போதும். சேனலிலும் பட்டையின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். வெல்வெட் பக்கம் பசை ஒரு சொட்டும் படக் கூடாது. கீழ்ச் சேனலில் வடிகால் துளை வரும் இடங்களில் புதுப் பட்டையிலும் துளை போட மறக்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிய பிறகு இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். புது வெல்வெட் முதல் சில நாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அது சரி. தோள் கொடுத்துத் தள்ளும் அளவுக்கு இறுக்கம் என்றால் பட்டை தவறான அளவு. கண்ணாடி ஓரத்தைத் தேய்த்துச் சன்னமாக்கிப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடினமாக்கிய கண்ணாடியை வெட்டவோ தேய்க்கவோ துளைக்கவோ முடியாது, முயன்றால் மொத்தமாக நொறுங்கும்.

சுற்று ரப்பர் உள்ள பிரேம்

பிரேம் முழுவதும் கேபின் துவாரத்தில் ஆடுகிறது என்றால் சுற்று ரப்பர் சுருங்கியிருக்கிறது. புது ரப்பரைப் பிரேமில் மாட்டி, கேபின் தகரத்தின் உதடு நுழைய வேண்டிய பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். கயிற்றின் இரு முனைகளும் கீழ் நடுவில் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கேபின் உள்பக்கம் தொங்க வேண்டும். தகர உதட்டில் சோப்புத் தண்ணீர் தாராளமாகப் பூசுங்கள். ஒருவர் லோடு பாடியில் நின்று உள்ளங்கையால் பிரேமை அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை ஜன்னலின் நடுப்பக்கமாகச் சாய்த்து மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். வெளியே அழுத்துபவரின் கை, கயிறு வந்துகொண்டிருக்கும் இடத்தைப் பின்தொடர வேண்டும், அதுதான் இதில் நுணுக்கம். மூலைகளில் அவசரப்பட்டால் ரப்பர் கிழியும்.

வெளி உதட்டுக்கு அடியில் சிலிகான் போடுவதாக இருந்தால் நியூட்ரல் வகை கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் வெறும் இரும்பை அரிக்கும். போட்ட பிறகு ஒரு நாள் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

முடித்த பிறகு

ஐந்து நிமிடம் ஹோஸ் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே சொட்டக் கூடாது, வடிகால் வழியாக வெளியே மட்டும் வர வேண்டும். பிறகு அதே ஜல்லிச் சாலையில், காலி வண்டியாக ஒரு முறையும் லோடோடு ஒரு முறையும் ஓட்டுங்கள். காலி வண்டியில்தான் குதிப்பு அதிகம், சத்தமும் அதிகம் தெரியும். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு லாக் ஸ்க்ரூக்களை இன்னொரு முறை முறுக்குங்கள்.

இவ்வளவும் செய்து இன்னும் ஆடுகிறது என்றால் கண்ணாடியை விட்டுவிட்டுக் கேபினைப் பாருங்கள். கேபின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப் போயிருக்கலாம், சாய்க்கும் கேபினாக இருந்தால் பின் லாக் தளர்ந்திருக்கலாம், ஜன்னல் மூலையிலிருந்து தகரத்தில் விரிசல் ஓடியிருக்கலாம். விரிசல் இருந்தால் வெல்டிங்குக்கு முன் கண்ணாடியைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், தெறிக்கும் பொறி கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும்.

சத்தத்தைக் குறைக்கக் கண்ணாடியில் பிலிம் ஒட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். ஆடும் கண்ணாடியைப் பிலிம் பிடிக்காது, வாகனக் கண்ணாடியில் பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்தது, அதன் பிறகு விதி மாறியிருக்கிறது. போம் ஸ்ப்ரே அடித்து ஜன்னலை நிரந்தரமாக மூடிவிடுவதும் தவறு. போம் விரியும்போது கண்ணாடியைத் தள்ளும். கதவு திறக்காமல் போகும் விபத்தில் வெளியே வர அந்த ஜன்னல் ஒரு வழி.

கண்ணாடியே மாற்ற வேண்டி வந்தால், வீட்டு ஜன்னலுக்கு வெட்டும் சாதாரணக் கண்ணாடியை மலிவாகக் கிடைக்கிறதென்று போட்டுவிடாதீர்கள். உடைந்தால் கத்தி கத்தியாக வரும், அது டிரைவரின் கழுத்துக்கு நேரே இருக்கிறது. மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் பொறித்த பாதுகாப்புக் கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். அளவும் லாக் துளையும் முன்கூட்டியே சொல்லிச் செய்ய வேண்டும் என்பதால், பழைய கண்ணாடி முழுசாக இருக்கும்போதே அட்டையில் வைத்து வரைந்து, துளையின் நடுப்புள்ளியையும் குறித்து, அந்த அட்டையை வண்டி பேப்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.